எவ்வளவு போதும்? மோனோகுளோனல் ஆன்டிபாடிகளும் தாலுகா மருத்துவமனையும்

ஆவுடையார்கோவில் என்றதும் ஆத்மநாதர் கோயிலின் கற்கூரையும் மாணிக்கவாசகரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அது வயலும் கண்மாயும் சூழ்ந்த ஒரு தாலுகா ஊர். நாய்க்கடி, பாம்புக்கடி, மழைக்காலக் காய்ச்சல், சர்க்கரை நோய் எல்லாம் அங்கு அன்றாடம். பெரிய வைத்தியம் என்றால் சுமார் 14 கிலோமீட்டரில் அறந்தாங்கி. அதற்கு மேல் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி. அதுவும் போதாதென்றால் தஞ்சாவூர், மதுரை, சென்னை. இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற பொருள் பயன்படுகிறது. கீழே, சில ரூபாயில் முடிகிற பரிசோதனைப் பொருளாக. மேலே, ஆயிரங்களையும் லட்சங்களையும் கேட்கிற ஊசி மருந்தாக.

ஆன்டிபாடி நம் ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் புரதம். கவட்டைக் கம்பு போல இரண்டு கிளை, ஒரு தண்டு. கிளைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் கண்டு பற்றும். தண்டுப் பகுதி மற்றத் தற்காப்பு அணுக்களைக் கூப்பிடும். ஒரே இலக்கைப் பற்றுகிற, அச்சு மாறாத ஆன்டிபாடியை ஒரே செல்லின் வாரிசுகளைக் கொண்டு வேண்டிய அளவு உற்பத்தி செய்தால் அது மோனோகுளோனல். புற்றுநோய், மூட்டுவாதம், ஆஸ்துமா, கண்நோய், தொற்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகள் இந்த வகையில் வந்துவிட்டன. இவற்றில் எது ஆவுடையார்கோவில்காரருக்குக் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை, ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விலை குறையட்டும் என்று காத்திருப்பது ஒரு வழி. எவ்வளவு மருந்து, எத்தனை நாள், உடம்பில் எந்த இடத்தில் கொடுத்தால் போதும் என்று கேட்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் இந்திய மருத்துவர்கள் சாதித்தது அதிகம். அதைப் பற்றிப் பேசியது குறைவு.

குதிரையிலிருந்து தொட்டிக்கு

1890-இல் எமில் வான் பெரிங்கும் கிடசாட்டோவும் ஓர் உண்மையைக் காட்டினார்கள். நச்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கும். அதிலிருந்து குதிரைச் சீரம் மருந்தாயிற்று. டிப்தீரியா, டெட்டனஸ், பாம்புக்கடி, வெறிநாய்க்கடி எல்லாவற்றுக்கும் அதுவே கதி. ஆனால் சீரத்தில் பலவகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது அதில் ஒரு பங்குதான். மீதி குதிரையின் அயல் புரதம். தடிப்பு, மூச்சுத்திணறல், அரிதாக உயிராபத்து என்று அதன் விலையை நோயாளி கொடுத்தார்.

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் இந்தக் கலவையைப் பிரித்தார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலியின் மண்ணீரல் செல் சில நாளில் செத்துவிடும். புற்றுக்கட்டிச் செல் சாகாமல் பெருகும். இரண்டையும் இணைத்துக் கலப்புச் செல் உண்டாக்கினால், ஒரே ஆன்டிபாடியைக் காலமெல்லாம் சுரக்கும் செல் கிடைக்கும். இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கப்படவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அதனால்தான் உலகின் எந்த ஆய்வகமும் தடையின்றி அதைக் கையிலெடுத்தது. 1984-இல் இருவருக்கும் நீல்ஸ் ஜெர்னேயோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

முதல் மருந்து 1986-இல் வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மியூரோமோனாப் அது. முழுக்க எலிப் புரதம் என்பதால் மனித உடல் அதையே எதிரியாகப் பார்த்தது. பிறகு கிரெக் விண்டர் போன்றோர் எலியின் பற்றும் நுனியை மட்டும் எடுத்து மனித ஆன்டிபாடியில் பொருத்தினார்கள். அடுத்து, வைரஸ்களின் மேல் ஆன்டிபாடித் துண்டுகளை ஏற்றித் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதில் பிறந்த அடாலிமுமாப் 2002-இல் அனுமதி பெற்றது. விண்டருக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. இன்றைக்குப் பெரும்பாலான ஆன்டிபாடி மருந்துகள் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களை ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கப்படுகின்றன.

ஊர் லேபில் இருப்பவை

ஒரு சிற்றூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் குளிர்பெட்டியைத் திறந்தால் மூன்று சிறு குப்பிகள் இருக்கும். ஒன்றில் நீலத் திரவம், ஒன்றில் மஞ்சள், மூன்றாவது நிறமற்றது. நீலம் ஏ வகையைப் பிடிக்கும் ஆன்டிபாடி, மஞ்சள் பி வகையை, நிறமற்றது ஆர்எச் காரணியை. கண்ணாடித் தகட்டில் மூன்று இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, மூன்றிலும் ஒவ்வொன்றாக விட்டுக் குச்சியால் கலக்கினால், பொருந்தும் இடத்தில் ரத்தம் மணல் மணலாகத் திரளும். பொருந்தாத இடத்தில் பால் போல வழவழவென்று இருக்கும். பிளட் குரூப் தெரிந்துவிட்டது. இதற்குத் தேவையான சீரம் முன்பு மனிதர்களின் ரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது. குப்பிக்குக் குப்பி வீரியம் மாறும். இப்போது அச்சு மாறாத மோனோகுளோனல் ஆன்டிபாடி.

கர்ப்பப் பரிசோதனை அட்டையும் அப்படியே. தேசிய சுகாதாரத் திட்டத்தில் ‘நிஷ்சய்’ என்ற பெயரில் கிராமம் வரை போனது இதுதான். குழியில் சில சொட்டு சிறுநீர் விட்டால் அது அட்டைக்குள் ஊர்ந்து போகும். வழியில் சாயம் ஏற்றிய ஓர் ஆன்டிபாடி கர்ப்ப ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும். ‘டி’ கோட்டில் காத்திருக்கும் இன்னோர் ஆன்டிபாடி அதே ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடிக்கும். சாயம் அங்கே தேங்கிக் கோடாகத் தெரியும். ‘சி’ கோடு சிவக்காவிட்டால் அட்டையே கெட்டது என்று பொருள். கர்ப்ப ஹார்மோனும் மாதவிடாய்ச் சுழற்சியில் வரும் எல்எச் ஹார்மோனும் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். முன்பு முயல் சீரத்தை வைத்துச் சோதித்தபோது இரண்டும் குழம்பின. வேறுபடும் சிறு பகுதியை மட்டும் பற்றும் மோனோகுளோனல் ஆன்டிபாடி வந்தபின் அந்தக் குழப்பம் தீர்ந்தது. டெங்குவின் என்எஸ்1 பரிசோதனை, மலேரியா அட்டை, கொரோனா காலத்தில் வந்த விரைவுச் சோதனை எல்லாம் இதே தத்துவம்தான்.

இவை ஏன் மலிவு? காரணம் அளவு. ஓர் அட்டைக்குத் தேவைப்படுவது மைக்ரோகிராம் கணக்கு. உடலுக்குள் செலுத்தாததால் எலி ஆன்டிபாடியே போதும். ஊசி மருந்துக்குரிய சுத்திகரிப்பும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாபைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதல் ஊசி 480 மில்லிகிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 360. ஓராண்டில் 18 முறை என்றால் ஆறரை கிராமுக்கு மேல். பல லட்சம் அட்டைகளுக்குப் போதும் அளவு அது. விலை விவாதத்தை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெறிநாய்க்கடி: காயத்துக்குள் ஓர் ஆன்டிபாடி

தாலுகா மருத்துவமனை அளவில் ஊசி மருந்தாக மோனோகுளோனல் ஆன்டிபாடி நியாயமாக நுழைய வேண்டிய முதல் இடம் இது. தமிழ்நாட்டில் 2024-இல் பதிவான நாய்க்கடி நான்கு லட்சத்தைத் தாண்டியது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அறிகுறிக்கு முன் சரியாக மருத்துவம் பார்த்தால் சாவதும் ஏறக்குறைய இல்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பேச்சு ஊர்களில் இன்னும் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பு மருந்தின் நினைவு அது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் அந்த மருந்தைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. 2004 இறுதியோடு இந்தியாவில் அது நின்று, செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசி வந்தது. இப்போது தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் வீதம் இரண்டு இடத்தில், 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போட்டால் போதும். தசையில் போடுவதைவிட மருந்து மிகக் குறைவாகச் செலவாகும்.

ஆனால் தடுப்பூசி உடலில் ஆன்டிபாடியை உண்டாக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தோலைக் கிழித்த கடியில் வைரஸ் அதற்குள் நரம்பில் ஏறிவிடலாம். முகத்திலோ கையிலோ கடிபட்ட குழந்தைக்கு ஆபத்து மேலும் அதிகம். இடைப்பட்ட நாட்களுக்குத் தயாரான ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளேயே ஏற்ற வேண்டும். அதுதான் இம்யூனோகுளோபுலின். குதிரையிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுத்தால் 20. முன்னது ஒவ்வாமை தரலாம். பின்னது விலை அதிகம், கிடைப்பதும் அரிது.

இங்கே இந்தியா உலகுக்கு முந்தியது. புனே சீரம் நிறுவனமும் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ராபிஷீல்ட்’ 2016-இல் அனுமதி பெற்றது. ரேபிஸ் வைரஸின் மேற்புரதத்தைப் பற்றும் மனித மோனோகுளோனல் ஆன்டிபாடி அது. அளவு கிலோவுக்கு 3.33 அலகு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குதிரைச் சீரம் 2,400 அலகு வேண்டும் என்றால் இதில் 200 போதும். 2019-இல் சைடஸ் நிறுவனத்தின் ‘டுவின்ராப்’ அனுமதி பெற்றது. அதில் வைரஸின் இரண்டு வேறு இடங்களைப் பற்றும் இரண்டு ஆன்டிபாடிகள் உண்டு. ஒன்றிலிருந்து வைரஸ் தப்பினாலும் மற்றது பிடிக்கும் என்பது கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இவ்வகை ஆன்டிபாடியை இம்யூனோகுளோபுலினுக்கு மாற்றாக ஏற்றது. 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது.

இதே ஆண்டுகளில் சிம்லாவில் டாக்டர் ஓமேஷ் பார்தி ஓர் எளிய கேள்வி கேட்டார். வைரஸ் காயத்தில் இருக்கும்போது, இம்யூனோகுளோபுலினின் ஒரு பகுதியைத் தொடையிலோ புட்டத்திலோ ஏன் போட வேண்டும்? காயத்தில் மட்டும் ஏற்றி மீதியை அடுத்த நோயாளிக்கு வைத்தார். ஒரே குப்பி பலரைக் காத்தது. 2018 வழிகாட்டுதல்களில் காயத்தில் மட்டும் போடும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்தின் அளவுதான் கேள்விக்குள்ளானது.

தாலுகா மருத்துவமனைக்குத் தேவை இங்கே நான்கு. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ ஓடும் தண்ணீர், 2 முதல் 8 டிகிரியில் நிற்கும் குளிர்பெட்டி, ஆன்டிபாடிக் குப்பி, அதைக் காயத்தின் ஆழத்தில் ஏற்றத் தெரிந்த கை. நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் இருந்து பயனில்லை. கிழிந்த உதட்டுக்குள் ஊசி ஏற்றத் தயங்கித் தடுப்பூசியோடு மட்டும் அனுப்பிவிடும் பழக்கம் பயிற்சியால்தான் போகும்.

புற்றுநோய்: வாழ்வைக் கூட்டியதும் செலவைக் கூட்டியதும்

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தபோது அறுவையும் கதிர்வீச்சுமே ஆயுதம். 1997-இல் ரிடுக்சிமாப், 1998-இல் டிராஸ்டுசுமாப் வந்தபின் நிலைமை மாறியது. ரிடுக்சிமாப் நிணநீர்ப் புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைப் பற்றும். டிராஸ்டுசுமாப் ஹெர்2 என்ற புரதத்தைப் பற்றும். மார்பகப் புற்றுநோயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் இது மிகுந்திருக்கும். அத்தகைய நோயாளிகளுக்கு மட்டுமே மருந்து பயன்படும். ஆகவே திசுச் சோதனையில் ஹெர்2 பார்க்காமல் மருந்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

விலையைத் தாக்கியதில் இந்திய நிறுவனங்களின் பங்கு பெரிது. 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் ‘ரெடிடக்ஸ்’ என்ற பெயரில் ரிடுக்சிமாபின் நிகர்மருந்தைக் கொண்டுவந்தது. 2013-இல் பயோகான் டிராஸ்டுசுமாபின் நிகர்மருந்துக்கு அனுமதி பெற்றது. 2017-இல் அமெரிக்காவும் அதை ஏற்றது. மாத்திரையின் ஜெனரிக் போல இவற்றை வேதிச் சமன்பாட்டை வைத்து நகலெடுக்க முடியாது. செல்லை வளர்த்து, புரதத்தின் மடிப்பும் அதில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்குகளும் மூல மருந்தோடு ஒத்துப்போவதை நிறுவ வேண்டும். அதனால் விலை இறங்கியது, மாத்திரை போல அடிமட்டத்துக்கு வரவில்லை.

அடுத்த இறக்கம் அளவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் நடந்த பெர்செஃபோன் ஆய்வு, ஆரம்பநிலை நோயில் ஆறு மாத டிராஸ்டுசுமாப் பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்ததல்ல என்று 2019-இல் காட்டியது. இதயத்துக்கு வரும் பாதிப்பும் குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை; ஓராண்டே இன்னும் பொது விதி. ஆனால் ஓராண்டுக்குப் பணமில்லாதவருக்கு ஆறு மாதம் என்பது கைவிடுதல் ஆகாது என்று சொல்ல இப்போது சான்று இருக்கிறது.

இதைவிடத் துணிச்சலானது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. புகையிலை மெல்லும் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய் அதிகம். நிவோலுமாப் என்ற ஆன்டிபாடி, புற்றுநோய் நம் தற்காப்புச் செல்களுக்குப் போட்ட தடையை விலக்கும். இந்த வகைத் தடையைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பெற்றனர். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். டாடா மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள், மலிவான மாத்திரைகளோடு சேர்த்து. 2022-இல் வெளியான முடிவில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வல்ல இது. சிறு அளவு முழு அளவுக்குச் சமம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றுமில்லாததைவிட மிக மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். முழு அளவை வாங்க முடியாத பெரும்பான்மைக்கு உண்மையான ஒப்பீடு அதுதான்.

கண்ணும் மூட்டும்

அளவைப் பிரிக்கும் கதை கண் மருத்துவத்தில்தான் முதலில் பெரிதாக நடந்தது. சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கசிந்து பார்வை மங்குவோருக்கு, ரத்தநாளப் பெருக்கத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி உதவும். குடல் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப் குப்பியில் 100 மில்லிகிராம் இருக்கும். கண்ணுக்குத் தேவை 1.25 மட்டுமே. ஒரு குப்பியைப் பல கண்களுக்குப் பிரித்தால் செலவு சரிகிறது. முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவில், விலை கூடிய ரனிபிசுமாபுக்கு அது குறைந்ததல்ல என்று அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வு 2011-இல் சொன்னது. ஆனால் பிரிக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். கிருமி புகுந்தால் ஒரே நாளில் பல கண்கள் போகும். அப்படியொரு நிகழ்வுக்குப் பின் 2016 தொடக்கத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்ணுக்கு இதைப் பயன்படுத்துவதைச் சில வாரம் தடுத்து வைத்தது. சிக்கனமும் ஒரு தொழில்நுட்பம். அதற்கும் தர விதி வேண்டும்.

மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் வந்தன. இவை டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும். அதே புரதம்தான் நுரையீரலில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருக்கிறது. காசநோய் மலிந்த நம் நாட்டில் சோதிக்காமல் இந்த ஊசி போட்டால் கிருமி விடுபடும். ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பார்ப்பதும் இதே காரணத்தால்தான். ஆஸ்துமாவுக்கு ஒமாலிசுமாப், எலும்புத் தேய்வுக்கு டெனோசுமாப், ஹீமோஃபிலியாவுக்கு எமிசிசுமாப் என்று பட்டியல் நீளும். அவற்றுக்கு இப்போதைக்கு நிபுணர் இருக்கும் ஊரே இடம்.

தொற்றும் விஷமும்

எல்லாம் வெற்றியில்லை. 2021 மே மாதம் கொரோனாவுக்கு இரு ஆன்டிபாடிகளின் கலவை ஒருவருக்கு ரூ.59,750 விலையில் இந்தியாவுக்கு வந்தது. ஒமிக்ரான் திரிபு வந்ததும் அது வலுவிழந்தது. வேகமாக உருமாறும் வைரஸின் முன் ஓரிரு இடங்களை மட்டும் பற்றும் ஆன்டிபாடிக்கு ஆயுள் குறைவு. 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை முதன்முதலில் மனிதரில் சோதித்தபோது ஆறு தன்னார்வலர்கள் உயிருக்குப் போராட நேர்ந்ததும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

வயல்வேலை செய்யும் ஊருக்கு நெருக்கமான செய்தி பாம்புக்கடியில் இருக்கிறது. இன்றைய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றி எடுத்த சீரம். அதற்கான விஷத்தை நெடுங்காலமாகத் தருவது 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். 2024-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையமும் சேர்ந்து 95மேட்5 என்ற மனித ஆன்டிபாடியை வெளியிட்டன. நாகம், கட்டுவிரியன் போன்றவற்றின் விஷத்திலுள்ள ஒருவகை நரம்பு நச்சை எலிகளில் அது முறித்தது. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இரண்டின் விஷம் வேறு வகை. அதற்கு இது உதவாது. பல ஆன்டிபாடிகளைச் சேர்த்துத்தான் குதிரைக்கு ஓய்வு கொடுக்க முடியும். மருந்தாக வர இன்னும் காலம் பிடிக்கும்.

முடிவாக

விலையின் வேர்கள் பல: செல் வளர்ப்பு, சுத்திகரிப்பு, காப்புரிமை, குளிர்ச் சங்கிலி. இவற்றில் நிகர்மருந்துகளும் அரசின் மொத்தக் கொள்முதலும் செய்யக்கூடியது உண்டு. 1990-களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மற்ற மருந்துகளில் அதைக் காட்டியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை தாங்குகிறது. ஆயினும் அரசு எவ்வளவு பணம் போட்டாலும், பெட்டியில் அச்சிட்ட அளவையே அடிப்படையாகக் கொண்டால் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு மருந்து தீர்ந்திருக்கும்.

எனவே முன்னுரிமை இப்படி இருக்கலாம். ரேபிஸ் ஆன்டிபாடியும் அதைக் காயத்தில் ஏற்றும் பயிற்சியும் தாலுகா அளவில். ஹெர்2 சோதனையும் டிராஸ்டுசுமாப் தொடர் ஊசிகளும் மாவட்டத் தலைமையில். அதனால் மூன்று வாரத்துக்கொருமுறை ஒரு பெண் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. கண் ஊசிக்கான மருந்துப் பிரிப்பு, தரச் சான்று பெற்ற மையங்களில் மட்டும்.

இவற்றோடு, குறைந்த அளவு போதுமா, குறைந்த காலம் போதுமா என்று சோதிக்கும் ஆய்வுகளை அரசு மருத்துவக் கல்லூரிகள் நடத்த வேண்டும். மருந்து குறைவாகச் செலவாகும் என்று நிரூபிக்கும் ஆய்வுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. சிம்லாவிலும் மும்பையிலும் அதைச் செய்தது பொது மருத்துவமனைகள்தான். நோயாளிக் கூட்டமும், பதிவேடும், தேவையும் இருக்கும் தமிழ்நாடு அந்தச் செலவை ஏற்பது சலுகை ஆகாது; மருந்து வாங்கும் செலவில் ஒரு பகுதியாகவே அதைக் கணக்கிட வேண்டும்.